இடப்பக்கம் திரும்பக் கற்றுக்கொண்ட அக்கா

அக்காவுக்கு அந்த எண்ணம் முதன்முதலில் தோன்றியது கோட்டக்குப்பத்தில், ஓர் ஐஸ் கம்பெனியில். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அப்பா அன்றைக்கும் இன்றைக்கும் லோடு வண்டி ஓட்டுகிறார். ஐஸ் பார்களை ஏற்றிப்போய் பொம்மையார்பாளையத்தில் படகுக்காரர்களிடம் இறக்கிவிட்டு, அங்கிருந்து மீன் ஏற்றிக்கொண்டு திண்டிவனம் மார்க்கெட்டுக்கு வருவார். முழுப்பரீட்சை லீவில் ஒருநாள் எங்கள் இருவரையும் வண்டியில் கூட்டிப்போனார். அக்கா எட்டாம் வகுப்பு முடித்திருந்தார். நான் மூன்றாவது.

உள்ளே ஒருவர் தகர அச்சைக் கவிழ்த்து ஐஸ் பாரை வெளியே தள்ளினார். என் உயரம் இருந்த அந்தப் பார், அவர் காலால் கொடுத்த ஒரே தள்ளில், ஈரத் தரையில் சத்தமே இல்லாமல் கூடத்தின் மறுகோடி வரை போய் நின்றது.

“யப்பா, யாரும் இழுக்காமயே போவுதுப்பா.”

“ஈரத்துல வழுக்கிக்கினு போவுது. நீ கிட்ட போவாத.”

அக்கா கிட்டப் போனார். அடுத்த பார் வந்ததும் ஒரு சாக்கை அதன்மேல் போட்டு ஏறி உட்கார்ந்து, கூடம் முழுக்கச் சறுக்கிக்கொண்டே போய் இரும்புக் கதவில் முட்டிக்கொண்டார். வேலை செய்தவர்கள் கத்தினார்கள். அப்பா காதைத் திருகினார். அக்கா சிரித்துக்கொண்டே இருந்தார். திரும்பி வரும்போது வண்டிக்குள் மீன் நாற்றத்துக்கு நடுவில் கேட்டார்: “யப்பா, இதுமேல நின்னுக்கினு ஆடுற ஆட்டம் எதுனா இருக்குதா?”

“இருந்தா மட்டும்? திண்டிவனத்துல எவன் ஆடுவான்?”

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் அக்கா வாழ்ந்தார் என்று சொல்லத் தோன்றுகிறது. இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும் இன்று, அக்கா நம்மை விட்டுப் போய் ஒரு வருடம் நிறைகிறது. இதை எழுதுகிறேன் என்று நானே முன்வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா சேர்த்து உருவாக்கிய பெண்கள் பேஸ்பால் அணியில் இப்போது மிச்சமிருப்பது என்னையும் சேர்த்து ஏழு பேர். ஆட ஒன்பது பேர் வேண்டும். வருகிற ஞாயிறு விழுப்புரம் மைதானத்தில் மாவட்டப் போட்டி. ஆட்டம் தொடங்கும் நேரத்தில் ஒன்பது பேர் நிற்கவில்லை என்றால் அணியின் பெயரை அடித்துவிடுவார்கள். விலகிப்போன பெண்கள் யாரும் வெளியார் இல்லை. நம் உறவிலும் பழக்கத்திலும் உள்ள வீடுகளின் பிள்ளைகள். அவர்களை அனுப்ப மாட்டோம் என்று சொன்னவர்கள்தான் இப்போது இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுத்து, கடைசி வரை படியுங்கள்.

அக்கா பிறந்தது வளவனூரில், அம்மாவின் தாய்வீட்டில். வளர்ந்தது திண்டிவனத்தில். அம்மா வீட்டிலேயே தையல் தைப்பவர். அப்பா விடியலுக்கு முன்னே கிளம்பிவிடுவார் என்பதால், வீட்டின் மூத்த ஆளாக அக்கா சீக்கிரமே ஆகிவிட்டார். எனக்குத் தலைபின்னி, டிபன் கட்டி, சைக்கிளில் பின்னால் ஏற்றிப் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் தம் வகுப்புக்கு ஓடுவார். நடப்பது என்பதே அவரிடம் கிடையாது. “இவ ஒருத்தி, கால்ல வெந்நீர் ஊத்துன மாதிரி” என்பார் அம்மா.

பேஸ்பால் வந்த கதை இப்படி. பள்ளி மைதானத்தைப் பையன்களின் கிரிக்கெட் முழுதாக எடுத்துக்கொண்டது. பெண்களுக்கு மிச்சம் கொடிமரத்தடி. பி.டி. மிஸ் ஒருநாள் ஒரு பழைய உருண்டை மட்டையையும் இரண்டு தோல் கையுறைகளையும் கொண்டுவந்து போட்டார்.

“இது பேஸ்பால். நம்ம மாவட்டத்துல பொண்ணுங்க டீமே ஒன்னோ ரெண்டோதான். ஒழுங்கா ஒம்போது பேரு நின்னாலே மாவட்டத்துக்குப் போலாம். யார் வரீங்க?”

ஜெயிப்பதற்காகச் சேரவில்லை, பஸ்ஸில் விழுப்புரம் போகலாம் என்றுதான் கை தூக்கினேன் என்று அக்காவே பிறகு சொல்லியிருக்கிறார். மைதானத்தின் நான்கு மூலைகளிலும் வைக்கும் தளமேடைகளை அம்மா லாரி தார்ப்பாயில் தைத்து, தேங்காய் நார் அடைத்துக் கொடுத்தார். பந்தை அடித்தவர் அந்த நான்கையும் வரிசையாகக் காலால் தொட்டு ஓடித் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

முதல் போட்டியிலேயே அக்கா நல்ல அடி ஒன்று அடித்தார். பந்து வேலிவரை போனது. மட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு ஓடினார், கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த பிள்ளை அல்லவா. முதல் மேடை நெருங்கியதும் குனிந்து, மட்டையை நீட்டி, அதன் நுனியால் தொட்டுவிட்டு, அப்பாடா என்று நின்றார். கால் படவே இல்லை. எதிரணிப் பெண் பந்தோடு வந்து மேடையை மிதித்தாள். அவுட்.

“நான் தொட்டுட்டேன் சார்,” என்று நடுவரிடம் போனார் அக்கா.

“எதால தொட்ட?”

“மட்டையால.”

“மட்டைய அங்கயே போட்டுட்டு வரணும்மா. இங்க கால்தான் கணக்கு.”

பிறகு அக்கா பயிற்சி கொடுத்த ஒவ்வொரு பெண்ணும் இதே தவறைச் செய்தாள். நானும் செய்தேன். ஒவ்வொரு முறையும் மைதானத்தின் குறுக்கே அக்காவின் குரல் வரும்: “மட்டைய போடுறி. அது இன்னா சீதனமா, கூடவே எடுத்துக்கினு ஓட?”

அக்கா பந்து எறிபவருக்கு எதிரே, அடிப்பவருக்குப் பின்னால் முகமூடி மாட்டிக் குந்தியிருக்கும் காவல்காரர் ஆனார். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் போல. பந்து கையுறைக்குள் வந்த வேகத்திலேயே எழுந்து முதல் மேடைக்கு எறிவார். யோசிக்கவே மாட்டார். யோசித்தால் அந்த ஓட்டக்காரி தப்பிவிடுவாள். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு, பின்னால் வரும்.

பதினொன்றாம் வகுப்பில் மாநில அணி. கல்லூரியில் உடற்கல்வி படிப்பு. இதற்கு நடுவே அந்த ஐஸ் ஆட்டத்து ஆசையும் விடாமல் இருந்தது. பள்ளிக் காலத்திலேயே வாரம் ஒருமுறை சக்கர ஸ்கேட்டிங் சொல்லித்தந்தார்கள். அதில் ஹாக்கி ஆடுவோரில் நன்றாக ஓடுபவர்களை வடக்கே பனித்தளத்துக்கு அழைத்துப்போய்ப் பழக்குகிறார்கள், ஐஸ் ஹாக்கிக்கு இப்படித்தான் தெற்கிலிருந்து ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னதும் அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓட வழுவழுப்பான தரை வேண்டும். திண்டிவனத்தில் அப்படித் தரை எங்கே இருக்கிறது?

பெரியப்பாவின் கல்யாண மண்டபத்தில் இருந்தது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. கிரானைட் தரை சும்மாவே பளபளத்துக் கிடக்கும். அக்கா சாவி கேட்டுப் போனார். பெரியப்பா முதலில் தரை கீறும் என்றார். பிறகு சத்தம் என்றார். பிறகு, அக்காவிடம் யார்தான் ஜெயித்திருக்கிறார்கள், ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை. நடுவில் அடுக்கிவைத்த நாற்காலிகளைச் சுற்றித்தான் ஓட முடியும். சுற்றினால் வலமாகத்தான் சுற்ற வேண்டும்.

“இடமா சுத்துறது சாவுக்குத்தாம்மா. மங்களம் நடக்குற எடம். நான் நாலு பேருக்கு வாடகைக்கு உடணும்.”

அக்கா சரி என்றார். அதில் என்ன இருக்கிறது என்றுதான் எங்கள் எல்லோருக்குமே தோன்றியது. ஆடிக்கு ஆடி, மார்கழிக்கு மார்கழி, பழைய மெத்தையில் அம்மா தைத்த முட்டிக் கவசங்களைக் கட்டிக்கொண்டு அக்கா வலமாகவே சுற்றினார். ஊறுகாய் பாட்டில் மூடியில் மெழுகு ஊற்றிச் செய்த வட்டுதான் பந்து. பெரியப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேப்பைக்கூழ் குடித்துக்கொண்டே பார்ப்பார். “மாப்பிள்ள அழைப்புக்குக் கூட இவ்ளோ வேகமா யாரும் வந்ததில்ல” என்பார்.

வடக்கே முகாமுக்கு அழைப்பு வந்தது. கூரைக்குள் பனித்தளம் அமைத்த ஓர் ஊர். முதல்நாள் போனில் அக்கா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “ஐஸு ஈரமா இருக்கும்னு நெனச்சேன்டி. காஞ்சி கெடக்குது. நம்ம கம்பெனி ஐஸ் மாதிரியே இல்ல.”

இரண்டாம் நாள் போன் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தது.

“எல்லாரும் ஒரே பக்கமா சுத்துறாங்கடி. இடப்பக்கமா. லடாக் பொண்ணுங்கல்லாம் தூங்கிக்கினே சுத்துவாளுங்க போல. எனக்கு மூலை வந்தா கால் திரும்பவே மாட்டுது. நேரா போயி பலகையில முட்டுறேன்.”

“பேஸ்பால்ல இடப்பக்கமாத்தானே ஓடுற?”

“அது கால்ல. சக்கரத்துல நான் ஒருநாளாவது இடமா திரும்பியிருக்கேனா, யோசி.”

நான் யோசித்தேன். இல்லை. ஒருநாள்கூட இல்லை. இத்தனை வருடமும் யாருக்குமே இது உறைக்கவில்லை. ஒரு காலின் மேல் மறுகாலை மாற்றிப்போட்டுத் திரும்புவது அக்காவுக்கு வலப்பக்கம் தண்ணீர்பட்ட பாடு. இடப்பக்கம் நேற்றுப் பிறந்த குழந்தை.

“கோச்சு கேக்குறாரு, ஒரு பக்கம் மட்டும் உனக்கு யார் சொல்லிக் கொடுத்ததுன்னு. பெரியப்பான்னு சொல்லவா? கல்யாண மண்டபம், மங்களம், இதையெல்லாம் இந்தியில எப்பிடிடி சொல்றது?”

சிரித்தார். பிறகு அழுதார். அக்கா அழுது நான் கேட்டது அந்த ஒருமுறைதான். முகாமிலிருந்து முதலில் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் அக்கா ஒருவர்.

ரயிலிலிருந்து இறங்கிய கையோடு, வீட்டுக்குக்கூட வராமல், பையோடு நேராகப் பெரியப்பாவிடம் போனார். நான் ஸ்டேஷனுக்குப் போயிருந்ததால் கூடவே போனேன்.

“பெரிப்பா, நான் இடமா சுத்தணும்.”

“அது முடியாதும்மா.”

“சுத்தலன்னா நான் ஆடவே முடியாது பெரிப்பா. அவ்ளோதான், முடிஞ்சிது.”

“வேற எங்கனா போயி சுத்து.”

“வேற எங்க இருக்குது? நீங்களே சொல்லுங்க.”

பெரியப்பா கணக்குப் பிள்ளையைக் கூப்பிட்டுக் காப்பி வாங்கிவரச் சொன்னார். காப்பி வந்தது, ஆறியது. கடைசியில் சொன்னார்: “சரி. இடமா எவ்ளோ வேணும்னாலும் சுத்திக்க. ஆனா நிறுத்துறப்போ வலமா ஒரு சுத்து சுத்திட்டுத்தான் நிறுத்தணும். கணக்கு நேராயிடணும்.”

அப்படியே நடந்தது. அந்த மார்கழி முழுவதும் அக்கா இடமாகச் சுற்றி விழுந்தார், எழுந்தார், விழுந்தார். முழங்கை கன்றிப்போனது. ஒவ்வொரு நாளும் கிளம்பும் முன் வலமாக ஒரு சுற்று. பெரியப்பா அதைப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் விளக்கணைப்பார்.

அடுத்த முகாமில் அக்கா தேறினார். மாநில அணியோடு லடாக் போனார். திறந்த வானத்தின் கீழே உறைந்த தளம். பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்காரவைத்தார்கள். கடைசி ஆட்டத்தில் இறக்கினார்கள். இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே எதிரணி அடித்த வட்டு முகத்துக்கு நேரே காற்றில் வந்தது. அக்கா யோசிக்கவில்லை. கையால் பிடித்தார். பிடித்த வேகத்திலேயே தம் அணிப் பெண்ணை நோக்கி எறிந்தார். நேர்த்தியான பேஸ்பால் எறி.

விசில். ஐஸ் ஹாக்கியில் வட்டைக் கையால் தட்டிக் கீழே போடலாம். பிடித்து எறியக் கூடாது. அக்காவைத் தண்டனைப் பெட்டியில் இரண்டு நிமிடம் உட்காரவைத்தார்கள்.

“ரெண்டு நிமிஷம் கெடச்சிதா, சுத்திப் பாத்தேன்டி,” என்றார் போனில். “மலைன்னா மலை. மரமே இல்ல. மொதமொறையா நல்லா பாத்தேன். தப்பு பண்ணலன்னா பாத்திருக்கவே மாட்டேன்.”

கிரிக்கெட்டின் பழக்கத்தைப் பேஸ்பாலுக்குக் கொண்டுபோய் அவுட் ஆனார். பேஸ்பாலின் பழக்கத்தை ஐஸ் ஹாக்கிக்குக் கொண்டுபோய்த் தண்டனை வாங்கினார். இரண்டில் ஒன்றை விடச் சொல்லாதவர்கள் கிடையாது. அப்பா சொன்னார். பி.டி. மிஸ்கூடச் சொன்னார். அக்கா விடவில்லை. விழுப்புரத்தில் ஒரு தனியார் பள்ளியில் பயிற்சியாளர் வேலைக்குச் சேர்ந்து, ஞாயிறுதோறும் பெண்களைக் கூட்டி அணி கட்ட ஆரம்பித்தார். திண்டிவனம், வளவனூர், கோட்டக்குப்பம் என்று வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் உட்கார்ந்து பேசி, மோர் குடித்து, பிள்ளைகளை வாங்கி வந்தார். கோட்டக்குப்பத்து நஸ்ரின் அப்படி வந்தவள்தான். அவள் அத்தா துபாயில். வீடியோ காலில் அவரிடம் அக்கா அரைமணி நேரம் பேசியிருக்கிறார். அக்காவுக்குப் பிறகு எங்களில் அடிப்பவருக்குப் பின்னால் குந்தத் தெரிந்த ஒரே பெண் நஸ்ரின். அக்காவின் கையால் தேர்ந்தவள்.

பயிற்சி முடிந்ததும் வேகவைத்த மல்லாட்டை வாங்கி எல்லோருக்கும் பிரித்துத் தருவார். கடலைத் தொலியைக் கீழே போட்டால் மைதானத்தை இன்னொரு சுற்று ஓட வேண்டும். இரண்டாவது முறையாக லடாக் போக அழைப்பு வந்திருந்தது. அதே மாதத்தில் மாநில பேஸ்பால். எதற்குப் போவது என்று கடைசி வரை எங்களிடம் சொல்லவில்லை. “ரெண்டுக்கும் நடுவுல நாலு நாள் இருக்குதுடி, ரயில்ல போனா புடிச்சிடலாம்” என்றார். அப்படித்தான் அவர் கணக்கு.

பிறகு அந்த மாலை. அதை நீட்டி எழுத என்னால் ஆகாது. விழுப்புரத்தில் பயிற்சி முடித்து ஸ்கூட்டியில் திண்டிவனம் வந்துகொண்டிருந்தார். மழை. திண்டிவனம் பைபாஸ் ஓரத்தில் விளக்கு எதுவும் போடாமல் ஒரு லாரி நின்றிருந்தது. ஹெல்மெட் போட்டிருந்தார். அவ்வளவுதான்.

எங்கள் வீட்டு வாசலில் அப்பா தோளில் குடத்தோடு அக்காவை இடமாகச் சுற்றி வந்தபோது, பெரியப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் மயக்கம் என்று நினைத்தார்கள். எனக்குத் தெரியும். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “நான் உட்டிருக்கக் கூடாதும்மா,” என்றார். “மங்களமான எடத்துல இடமா சுத்த உட்டேன். நான்தாம்மா உட்டேன்.”

மண்டபத்துச் சாவி அன்றோடு நின்றது. அதுவும் போகட்டும். ஆனால் அந்தச் சொல் பெரியப்பாவிடம் நிற்கவில்லை. ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டு, கருமாதிக்குள் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அக்கா சுற்றக் கூடாத பக்கம் சுற்றினார், அதனால்தான். ஆடக் கூடாத ஆட்டம் ஆடினார், அதனால்தான். பேஸ்பாலிலும் இடமாகத்தானே ஓடுகிறார்கள் என்று ஒரு அத்தை கண்டுபிடித்தார். அடுத்த வாரம் மைதானத்துக்கு வந்தவர்கள் பாதிப்பேர். அதற்கடுத்த வாரம் இன்னும் குறைவு.

நான் வீடு வீடாகப் போனேன். அக்கா போன அதே வீடுகள். அக்காவுக்கு வந்த பேச்சு எனக்கு வரவில்லை. வேகவேகமாகப் பேசி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டி, காரியத்தைக் கெடுத்துக்கொண்டேன். இயற்பியல் படித்தவள் என்ற திமிரில், ஒரு திசையில் சுற்றுவதற்கும் லாரிக்கும் தொடர்பே இல்லை என்று ஒரு மாமாவிடம் பேப்பரில் படம் போட்டுக் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, “சாப்டியாம்மா?” என்றார். அவ்வளவு பரிதாபமாக இருந்திருக்கிறேன்.

நஸ்ரின் வீட்டில் அவள் அம்மா என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் சுற்றுவது, சகுனம் எதுவும் பேசவில்லை.

“உங்கக்கா தங்கமான பொண்ணு. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா எம் பொண்ணு வெளிய போயி, பொழுது சாஞ்சி, மழ வந்துடிச்சின்னா, நான் இந்த வாசல்லயே நிக்கிறேன். அவங்க அத்தா அங்கேர்ந்து போன் மேல போன் போடுறாரு. உங்கம்மா அன்னிக்கி வாசல்ல நின்னாங்க இல்ல? அவங்க பொண்ணு வரல. எம் பொண்ணு வந்துட்டா. இத வெச்சிக்கினு நான் எப்பிடிம்மா மறுபடியும் அனுப்புவேன்?”

நஸ்ரின் கதவோரம் நின்றிருந்தாள். கையுறை அவள் கையிலேயே இருந்தது. பஸ்ஸேறித் திரும்பி வந்தேன். வீட்டில் நிலைமை இன்னும் மோசம். அப்பா மட்டைப் பையைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டார். எனக்கு வண்டிச் சாவி கிடையாது. மைதானம் என்ற சொல்லை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவார். மாதக்கணக்கில் நான் பொய் சொல்லிவிட்டுத்தான் விழுப்புரம் போனேன் என்பதை அப்பா இங்கே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. சென்ற மாதமே பிடித்துவிட்டார்.

அன்று அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “எதுல போன?” என்று மட்டும் கேட்டார்.

“ரயில்ல.”

“ரயில்லயா? எப்பயும் ரயில்லதானா?”

“எப்பயும் ரயில்லதான்பா. காலைல பாசஞ்சர்ல போயி, பொழுதிருக்கவே ஒரு வண்டி இருக்குது, அதுல வந்துடுவேன். ரோட்டுல கால வெக்கலப்பா.”

அப்பா ராத்திரி பகலாக அந்த ரோட்டிலேயே வண்டி ஓட்டுகிற மனிதர். அக்கா விழுந்த இடத்தைத் தாண்டாமல் அவருக்குப் பல நாள் சம்பாத்தியம் இல்லை. அவர் சொன்னார்: “எனக்கு அந்த ஆட்டத்து மேல கோவம் இல்லம்மா. அந்த ரோட்டு மேலதான். ரோட்ட ஒன்னும் பண்ண முடியல, அதான் பைய தூக்கி மேல போட்டேன்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நஸ்ரின் அம்மா சொன்னதும் இதேதான். யாருக்கும் பேஸ்பால் பயமில்லை. இடமும் வலமும்கூடப் பயத்துக்குக் கிடைத்த ஒரு பெயர்தான். வாசலில் நின்று காத்திருப்பதுதான் பயம். அதை நான் படம் போட்டு விளக்கப் போய்விட்டேன்.

இனி நன்றி. அந்த மழையில் அக்காவைத் தூக்கித் தம் மடியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை குடை பிடித்த இளநீர்க் கடைக்காரருக்கும், அவர் மனைவிக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது. சாலையில் சிதறிய பந்துகளைப் பொறுக்கிப் பையில் போட்டு, முகவரி விசாரித்து வீட்டில் கொண்டுவந்து தந்த கல்லூரி மாணவர்கள் பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார்கள். இரவெல்லாம் மருத்துவமனையில் எங்களோடு நின்ற சித்தப்பாக்களுக்கும், கருமாதிவரை எங்களை அடுப்பு மூட்டவிடாமல் சாப்பாடு கொண்டுவந்த தெருவாருக்கும், பி.டி. மிஸ்ஸுக்கும் எங்கள் கும்பிடு.

பெரியப்பாவுக்குத் தனியாக. பெரிப்பா, அன்று நீங்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அக்கா அந்த மலைகளைப் பார்த்திருக்கவே மாட்டார். நீங்கள் விட்டது தப்பில்லை. உங்களால் அக்காவுக்குக் கிடைத்தது ஒரு லடாக். விளக்கில்லாத லாரியை நிறுத்தியது நீங்கள் இல்லை. இதை நேரில் சொல்லப் பலமுறை வந்தேன், நீங்கள் பேச்சை மாற்றிவிட்டீர்கள். அச்சில் போட்டால் மாற்ற முடியாது என்பதால் இங்கே போடுகிறேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். காலை பாசஞ்சரில் திண்டிவனத்திலிருந்து கிளம்புகிறோம். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் எல்லாவற்றிலும் வண்டி நிற்கும். வளவனூர்ப் பிள்ளைகளும் கோட்டக்குப்பத்துப் பிள்ளைகளும் புதுச்சேரி வண்டியில் வரலாம். புதுச்சேரி ஸ்டேஷனிலேயே எங்கள் அம்மா நின்று கூட்டிவருவார், நான் கேட்டதும் ஒப்புக்கொண்டார். ஸ்டேஷனிலிருந்து மைதானத்துக்கு எல்லோரும் சேர்ந்து நடை. ஆட்டம் ஜெயித்தாலும் தோற்றாலும் பொழுது சாயும் முன் திரும்பும் வண்டியில் எல்லோரும் ஏறியிருப்போம். எந்தத் தாயோ தகப்பனோ கூட வர விரும்பினால் வாருங்கள். இனி ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான். இதில் ஒருநாள் தவறினாலும் நானே அணியைக் கலைத்துவிடுகிறேன்.

அப்பா அன்றைக்கு வண்டி எடுக்கப் போவதில்லை. நேற்று ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து பையை இறக்கி, தூசி தட்டி வைத்தார். “நானும் வரேன்,” என்றார். “கூட்டிக்கினு போறேன், கூட்டிக்கினு வந்து அவங்கவங்க வாசல்ல உடுறேன். போயி எல்லார் வூட்லயும் சொல்லு.”

எல்லார் வீட்டுக்கும் போக எனக்கு நாள் போதவில்லை. அதனால் இங்கே சொல்லிவிட்டேன். ஏழு பேர் நிச்சயம் இருக்கிறோம். இன்னும் இரண்டு பேர் எந்த ஸ்டேஷனில் ஏறினாலும் சரி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டு வருவேன்.